சித்தாள் வேலை பார்த்த ஷைகு: எகிப்தின் மக்கள் பாடகர் செய்யிது தர்வேஷ்

எகிப்தின் கால்பந்து அணி எந்த நாட்டு மைதானத்தில் இறங்கினாலும், ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் வரிசையாக நின்று ஒரு பாட்டுக்கு வாயசைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'பிலாதீ' என்று தொடங்கும் அந்தத் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர் அரண்மனை வித்வானும் அல்லர், இராணுவ பேண்டு மாஸ்டரும் அல்லர். அலெக்சாந்திரியாவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, குர்ஆனை மனனம் செய்து, தலைப்பாகை கட்டி ஷைகு என்று அழைக்கப்பட்டு, பிறகு வயிற்றுப் பாட்டுக்காகக் கட்டிட வேலைக்குப் போன ஒருவர் அவர். 31 வயதில் வஃபாத்தானார். தம் மெட்டு ஒரு நாட்டின் கீதமாகும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் இறந்து 56 ஆண்டுகளுக்குப் பிறகு, 1979இல்தான் அது நடந்தது.

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். ஆங்கிலேயரின் பிடியில் இருந்த ஒரு முஸ்லிம் நாட்டில், எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளின் வாயில் எதிர்ப்புச் சொற்களை வைத்த ஒரு மனிதரின் வரலாறு என்ற முறையில்தான் செய்யிது தர்வேஷை இங்கே அறிமுகப்படுத்துகிறோம்.

அவர் பிறந்தது 1892 மார்ச் 17. ஊர் அலெக்சாந்திரியா, அரபியில் இஸ்கந்தரிய்யா. கோம் அல் திக்கா என்னும் ஏழைகளின் மஹல்லா. 'கோம்' என்றால் மேடு. பல நூற்றாண்டுகளின் இடிபாடு குவிந்து உண்டான மேட்டின் மீது அமைந்த குடியிருப்பு அது. 1960களில் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது, மண்ணுக்கு அடியில் ரோமானியர் காலத்து அரங்கம் ஒன்று பளிங்கு இருக்கைகளோடு வெளிப்பட்டது. சிறுவன் செய்யிது ஓடி விளையாடிய தெருக்களுக்குக் கீழே அது அத்தனை காலமும் புதைந்து கிடந்திருக்கிறது.

அவர் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1882 ஜூலையில், பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசித் தாக்கின. அதோடு எகிப்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பெயருக்கு உதுமானிய சுல்தானின் கீழ் கெதீவ் ஆட்சி, உண்மையில் அதிகாரம் முழுக்க பிரிட்டிஷ் அதிகாரியிடம். துறைமுக நகரத்தில் கிரேக்கரும் இத்தாலியரும் பெரும் வணிகர்கள். மண்ணின் மைந்தர்கள் சுமை தூக்கினார்கள், வண்டி ஓட்டினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். இந்தப் படம் மனதில் இருந்தால்தான், பின்னாளில் அவர் யாருக்காகப் பாடினார் என்பது விளங்கும்.

தந்தை தர்வேஷ் அல் பஹ்ர், தச்சுத் தொழிலாளி. மகனை ஆலிமாக்க வேண்டும், குறைந்தது ஒரு காரியாகவாவது ஆக்க வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. நம் ஊர்களில் பிள்ளையை ஓதப் போடுவதைப் போல அங்கே 'குத்தாப்' என்னும் ஓதும் பள்ளியில் சேர்த்தார்கள். சுமார் ஏழு வயதில் தந்தை இறந்துபோக, செய்யிது யதீமானார். தாய்தான் பாடுபட்டு வளர்த்தார். பள்ளியில் குர்ஆனோடு நஷீதும் கற்பித்த ஓர் ஆசிரியர் வாய்த்தார். மௌலித் சபைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஷைகுமார்கள் கஸீதா பாடுவதைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டருகே கூட்டாளிகளைக் கூட்டி அப்படியே பாடிக் காட்டுவது சிறுவனின் பொழுதுபோக்கு.

அன்றைய எகிப்தில் பெரும் பாடகர்கள் பலரும் இந்த வழியில் வந்தவர்களே. அவர் சிறுவயதில் கேட்டு மயங்கிய ஸலாமா ஹிஜாஸியும் அலெக்சாந்திரியாக்காரர்தான். குர்ஆன் ஓதி, பாங்கு சொல்லி, பிறகு நாடக மேடைக்குப் போனவர். பின்னாளில் வந்த உம்மு குல்தூமும் கிராமத்து இமாமின் மகள், குர்ஆன் ஓதிப் பழகிய குரல். எழுத்தை எந்த இடத்திலிருந்து உச்சரிப்பது, எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்று தஜ்வீத் பயிற்சி கற்றுத் தரும் ஒழுங்கு, அரபுப் பாடகருக்கு அஸ்திவாரமாக இருந்தது. செய்யிது தர்வேஷின் பழைய இசைத்தட்டுகளில் இரைச்சலுக்கு இடையிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

1905இல் அலெக்சாந்திரியாவின் மார்க்கக் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். தலைப்பாகையும் ஜுப்பாவுமாக அப்போது கிடைத்த ஷைகு என்ற அடைமொழி, அவர் அந்த உடையைக் கழற்றிய பிறகும் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. படிப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. வகுப்பை விடப் பாட்டு சபைகளே அவரை இழுத்தன. 16 வயதிலேயே நிக்காஹ்வும் ஆகிவிட்டது. மனைவியையும் தாயையும் காப்பாற்ற வேண்டும். சிறு பாட்டுக் குழுக்களோடு காபிக் கடைகளில் பாடினார். அதில் வந்த காசு போதவில்லை. ஆகவே கொத்தனாருக்கு எடுபிடியாக, சுண்ணாம்பும் செங்கல்லும் சுமக்கும் கட்டிட வேலைக்குப் போனார்.

அவர் வாழ்க்கை திரும்பியது அந்தச் சாரத்தின் மீதுதான். வேலைக் களைப்புத் தெரியாமல் இருக்க மற்ற தொழிலாளர்களுக்குப் பாடுவார். அவர் பாடினால் வேலை வேகமாக நடந்தது. பக்கத்துக் காபிக் கடையில் ஒரு நாள், சிரியாவைச் சேர்ந்த நாடகக் குழு நடத்தும் அமீன், ஸலீம் அதாவுல்லாஹ் சகோதரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து வந்த குரலைக் கேட்டு ஆளைக் கூப்பிட்டனுப்பி, தங்கள் குழுவோடு ஷாம் தேசத்துக்கு வரும்படி அழைத்தார்கள். சுமார் 1909இல் நடந்த அந்த முதல் பயணம் காசு விஷயத்தில் தோல்விதான். வெறுங்கையோடு திரும்பி, மீண்டும் காபிக் கடைகளில் பாடினார்.

1912இல் அதே குழுவோடு இரண்டாம் முறை போனார். இம்முறை இரண்டு ஆண்டுகள். சம்பாத்தியம் பெரிதாக இல்லாவிட்டாலும் ஒரு பெரிய உஸ்தாதின் தொடர்பு கிடைத்தது. ஈராக்கின் மவ்ஸில் நகரைச் சேர்ந்த முல்லா உத்மான் அல் மவ்ஸிலி. சிறுவயதில் அம்மை நோயில் கண் பார்வையை இழந்தவர். குர்ஆன் காரி, மவ்லவிய்யா தரீக்காவைச் சேர்ந்தவர், நபிப் புகழ் பாடல்களின் கருவூலம். அவரிடமிருந்து பழைய முவஷ்ஷஹ் பாடல்களையும், மகாம் எனப்படும் அரபு இராக முறையின் நுணுக்கங்களையும் செய்யிது கற்றுக்கொண்டார். 1914இல் ஊர் திரும்பியபோது அவர் பாடகர் மட்டுமல்லர், மெட்டமைப்பவர்.

இங்கே சற்று நின்று, அவருக்கு முன்னால் எகிப்தியப் பாட்டு எப்படி இருந்தது என்று பார்த்துவிட வேண்டும். பெரிய பாட்டு என்பது அரண்மனைக்கும் பாஷாக்களின் மாளிகைக்கும் உரியது. அப்துல் ஹாமூலி போன்ற மேதைகள் கெதீவ் இஸ்மாயீலின் அவையில் பாடினார்கள். ஊது, கானூன், புல்லாங்குழல், வயலின், ரிக் என்ற சிறு தப்பு, இவ்வளவுதான் வாத்தியம். ஒரு வரியை எடுத்துக்கொண்டு இரவு முழுவதும் திருப்பித் திருப்பி அலங்கரித்துப் பாடுவார்கள். கேட்பவர் கிறங்கிப் போவதுதான் நோக்கம். வரியின் பொருள் என்ன, அதைச் சொல்பவன் யார் என்பது முக்கியமில்லை. துருக்கிச் சாயல் மேலோங்கிய நாகரிகம் அது. தெருவில் பேசும் எகிப்திய மொழி அந்தச் சபைக்குள் கொஞ்சமாகத்தான் நுழைந்தது.

செய்யிது தர்வேஷ் இதைத் தலைகீழாக்கினார். பழைய முறை தெரியாமல் அவர் அதைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'தவ்ர்' என்னும் கடினமான பழைய வடிவத்தில் அவர் அமைத்த சுமார் பத்துப் பாடல்கள் இன்றும் அரபு இசைக் கல்லூரிகளில் பாடம். அதில் கரைகண்ட பிறகுதான் மேடைக்கும் தெருவுக்கும் வந்தார்.

கெய்ரோ அவரை உடனே வரவேற்றுவிடவில்லை. ஸலாமா ஹிஜாஸி அவர் திறமையைக் கண்டு, தம் நாடகத்தின் இடைவேளையில் பாடச் செய்தாராம். முதியவரின் இனிய குரலுக்குப் பழகிய கூட்டம் புதுக் குரலைக் கேட்டுக் கூச்சலிட்டது. ஹிஜாஸியே மேடையேறி, எதிர்காலம் இந்த இளைஞருடையது என்ற பொருளில் பேசிக் கூட்டத்தைக் கண்டித்ததாகச் சொல்வார்கள். மனமுடைந்த செய்யிது மறுநாளே அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பினாராம். உள்ளபடியே அவர் குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது. கனத்த, கரகரத்த, ஆனால் வலிமையான குரல். 1917இல் மீண்டும் கெய்ரோ வந்து குடியேறினார். அதே ஆண்டில் ஹிஜாஸியும் காலமானார்.

அடுத்த ஆறு ஆண்டுகளில் அவர் செய்தது நம்ப முடியாத அளவு. ஜார்ஜ் அப்யழ் நடத்திய குழுவுக்கு 1918இல் 'ஃபைரூஸ் ஷா' என்ற இசை நாடகத்துக்கு மெட்டமைத்தார். நாடகம் ஓடவில்லை, இசையைப் பற்றி ஊர் பேசியது. நகைச்சுவை நடிகர் நஜீப் அர்ரைஹானி அவரைத் தம் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். ரைஹானியின் போட்டியாளர் அலீ அல் கஸ்ஸார், புகழ்பெற்ற பாடகி முனீரா அல் மஹ்திய்யா என்று ஒவ்வொருவரும் அவரிடம் பாட்டு கேட்டார்கள். மொத்தம் முப்பதை ஒட்டிய இசை நாடகங்கள். எகிப்தின் அரசு வானொலி தொடங்கியது 1934இல்தான். ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்யும் முறையும் அவர் காலத்தில் இல்லை. பெரிய புனல் ஒன்றின் முன் நின்று உரக்கப் பாட வேண்டும், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் அடங்கும். அப்படியிருந்தும் இன்று இரவு கெய்ரோ மேடையில் பாடிய பாட்டை மறுநாள் காபிக் கடைகளில் பாடினார்கள் என்றால், அது வாயிலிருந்து வாய்க்குத் தாவியதே காரணம்.

அதற்கு ஏற்ற கவிஞரும் அவருக்குக் கிடைத்தார். பதீஉ கைரீ, ஆசிரியர் வேலை பார்த்த இளைஞர். 'ஸஜல்' எனப்படும் பேச்சுமொழிக் கவிதையில் வல்லவர். இருவரும் சேர்ந்து ஒவ்வொரு தொழிலாளர் கூட்டத்துக்கும் ஒரு பாட்டு என்று எழுதினார்கள். சுமை தூக்குவோர், குதிரை வண்டிக்காரர், படகோட்டி, தண்ணீர் சுமப்போர், ஹோட்டல் சர்வர், நூபிய வேலைக்காரர் என்று யாரையும் விடவில்லை. மேடையில் அந்தத் தொழிலாளி வந்து நின்றால் அவன் பேசும் வழக்கிலேயே, அவன் வேலையின் தாளத்திலேயே பாட்டு இருக்கும். மூட்டை தூக்குபவன் மூச்சைப் பிடித்து விடும் இடத்தில் மெட்டும் நின்று எழும். சாரத்தின் மீது பாடியவருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் சுமப்போர் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தோல் துருத்தியில் ஆற்று நீரை நிரப்பி முதுகில் சுமந்து வீடு வீடாக ஊற்றுவது பரம்பரைத் தொழில். அந்நிய முதலாளிகளின் தண்ணீர்க் கம்பெனி வந்து குழாய் போட்டது. வெள்ளைக்காரக் கம்பெனி எங்கள் தகப்பன் செய்த தொழிலில் வந்து போட்டியிடுகிறதே, அல்லாஹ்தான் எங்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று அவர்கள் முறையிடுவதாகப் பாட்டு. குழாய்த் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். வருமானம் போன ஒரு கூட்டத்தின் வேதனையை மேடையில் யார் அதுவரை கேட்டிருந்தார்கள்?

இன்னொன்று, விடியலில் எழுந்து மாவு பிசையும் பெண்ணையும், சேவல் கூவும் நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் கைத்தொழிலாளியையும் பற்றியது. பையில் காசில்லை, ஆனாலும் படைத்தவன் மீது நம்பிக்கை இருக்கிறது. லெபனானின் ஃபைரூஸ் பின்னாளில் இதைப் பாடி அரபுலகம் முழுவதும் கொண்டு போனார்.

அரசியல் அவர் பாட்டுக்குள் தானாகவே வந்தது. முதல் உலகப் போர் தொடங்கியதும், 1914 டிசம்பரில், பிரிட்டன் எகிப்தைத் தன் பாதுகாப்பு நாடு என்று அறிவித்தது. தொழிலாளர் படை என்ற பெயரில் இலட்சக்கணக்கான கிராமத்து விவசாயிகள் திரட்டப்பட்டு, சினாய்க்கும் பலஸ்தீனத்துக்கும் பிரான்சுக்கும் அனுப்பப்பட்டார்கள். ரயில் பாதை போடவும் தண்ணீர்க் குழாய் பதிக்கவும் மூட்டை இறக்கவும்தான். விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டது. கிராமங்களில் நடந்தது ஆள்பிடிப்பு. திரும்பாதவர்கள் பலர். திரும்பியவர்களின் நிம்மதியையும் ஏக்கத்தையும் பாடும் 'ஸால்மா யா ஸலாமா' பாட்டு 1919இல் மேடையேறியது. சலாமத்தாகப் போய்ச் சலாமத்தாக வந்தோம் என்ற அந்தத் துள்ளலான பல்லவியை, 1977இல் கெய்ரோவில் பிறந்த பாடகி தலீதா பாட, ஐரோப்பாவே ஆடியது. பாட்டுக்குப் பின்னால் இருந்த போர்க்களத்துக் கூலிகளை ஆடியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

போர் முடிந்ததும் எகிப்தியர் விடுதலை கேட்டார்கள். ஸஅத் ஸக்லூல் தலைமையில் ஒரு தூதுக்குழு, அதாவது வஃப்த், அமைந்தது. 1919 மார்ச் 8 அன்று ஆங்கிலேயர் அவரைக் கைது செய்து மால்டா தீவுக்கு நாடு கடத்தினார்கள். மறுநாளே மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ரயில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பெண்கள் ஊர்வலம் போனார்கள். அல் அஸ்ஹர் பள்ளிவாசல் மிம்பரில் காப்டிக் கிறிஸ்தவப் பாதிரியார் நின்று பேசினார். பிறையும் சிலுவையும் ஒரே கொடியில் பறந்தன. அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவர்களைப் பற்றியும் செய்யிதிடம் ஒரு பாட்டு பிறந்தது. எகிப்தியனைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் 'கும் யா மிஸ்ரீ' இந்த நாட்களின் பாட்டு. முஸ்லிமும் கிறிஸ்தவரும் யூதரும் ஒரே பாட்டனின் பிள்ளைகள் என்ற கருத்தை அது தெருவெங்கும் கொண்டு சென்றது.

'பிலாதீ' பாட்டின் மூலம் இன்னும் பழையது. தேசியவாதத் தலைவர் முஸ்தஃபா காமில், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1907இல் அலெக்சாந்திரியாவில் ஓர் உரை நிகழ்த்தினார். தாய்நாட்டை விளித்து, தம் அன்பும் உள்ளமும் அதற்கே என்று உருகிய உரை. அந்தச் சொற்களைத் தழுவிக் கவிஞர் முஹம்மது யூனுஸ் அல் காழீ பாட்டு எழுதினார், செய்யிது மெட்டமைத்தார்.

இந்தக் காலத்துக் கதைகளில் நமக்கு மிகவும் பிடித்தது பேரீச்சம்பழக் கதை. ஸக்லூலின் பெயரை வெளியில் சொல்வதையே ஆங்கிலேயர் தடை செய்தார்கள். எகிப்தில் ஸக்லூல் என்றே ஒரு பேரீச்ச வகை உண்டு. சிவப்பாக, நீளமாக, மொறுமொறுப்பாக இருக்கும், காயவிடாமல் அப்படியே கடித்துச் சாப்பிடுவார்கள். பதீஉ கைரீ எழுத, செய்யிது மெட்டமைக்க, நயீமா அல் மிஸ்ரிய்யா என்ற பாடகி பாடினார்: தெருவில் பழம் விற்கும் பெண், தன் பேரீச்சம்பழத்தைக் கூவி விற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. பழக்காரி ஸக்லூல் என்று கூவினால் எந்தப் போலீஸ்காரர் என்ன சட்டத்தில் பிடிப்பார்? நாடே ஸக்லூல், ஸக்லூல் என்று பாடியது.

எல்லா முயற்சியும் கைகூடவில்லை. 1920இல் வந்த 'அல் அஷரா அத்தய்யிபா' அவர் இசை நாடகங்களில் மிகச் சிறந்தது என்று இசை அறிந்தோர் சொல்வார்கள். பிரெஞ்சு நாடகம் ஒன்றைத் தழுவி முஹம்மது தைமூர் எழுதியது. மம்லூக் காலத்துக் கொடுங்கோல் ஆட்சியாளர்களைக் கேலி செய்யும் கதை. துருக்கியரைக் குறைசொல்வது ஆங்கிலேயருக்கு உதவி செய்வதாகும் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். தயாரித்த ரைஹானியை அந்நியரின் கையாள் என்று ஏசினார்கள். நாடகம் நஷ்டத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு செய்யிது சொந்தமாக ஒரு குழு தொடங்கினார். 'ஷஹ்ரஸாத்', 'அல் பரூகா' என்ற இரண்டு நாடகங்களை மேடையேற்றிய அந்தக் குழுவும் நிலைக்கவில்லை. கணக்கு வழக்கு அவருக்கு வராத வித்தை. வந்த பணம் எல்லாம் வந்த வேகத்திலேயே போயிற்று.

மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. போருக்குப் பிறகு கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் கொக்கைன் என்ற வெள்ளைப் பொடி பரவியது. நாடக உலகம் அதில் முதலில் விழுந்தது. செய்யிதும் விழுந்தார். வேதனை என்னவென்றால், அந்தப் பழக்கத்தைக் கண்டிக்கும் பாட்டுக்கும் மெட்டமைத்தவர் அவரே. பொடியை உறிஞ்சி ஏழையாகிப்போனவனின் புலம்பலாக 1919இல் மேடையேறிய பாட்டு அது. தன் நிலையை எண்ணி அவன் அழுகிறான். என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மீள முடியவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதும் பலர் இந்தப் பக்கத்தைத் திருப்பாமல் தாண்டிவிடுகிறார்கள். போதை என்பது கல்வியையும் திறமையையும் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை என்பதால், பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சொல்வதே நல்லது என்பது நம் எண்ணம்.

இல்லற வாழ்விலும் அமைதி இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள். ஜலீலா என்ற அலெக்சாந்திரியப் பாடகி மீது கொண்ட காதல் ஊரறிந்தது, அவருடைய சோகமான தவ்ர் பாடல்கள் சிலவற்றை மக்கள் அதோடு சேர்த்தே பேசுவார்கள்.

1922 பிப்ரவரியில் பிரிட்டன் பெயரளவில் எகிப்துக்குச் சுதந்திரம் அறிவித்தது. ஸக்லூல் அப்போது இரண்டாம் முறையாக நாடு கடத்தப்பட்டு, ஏடன், சீஷெல்ஸ், ஜிப்ரால்டர் என்று அலைக்கழிக்கப்பட்டிருந்தார். 1923 செப்டம்பரில் அவர் கப்பலில் அலெக்சாந்திரியா வந்து இறங்கப் போகிறார் என்ற செய்தி வந்ததும் நகரமே தோரணம் கட்டியது. அவரை வரவேற்கும் பாட்டுக்காகச் செய்யிது சொந்த ஊருக்குப் போனார். இத்தாலிக்குப் போய் மேலை இசையை முறையாகப் படிக்க வேண்டும் என்ற திட்டமும் அவர் மனதில் இருந்தது. ஸக்லூல் வருவதற்கு முன்பே, அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே செய்யிது தர்வேஷ் திடீரென்று வஃபாத்தானார்.

மாரடைப்பு என்றார்கள், போதை அளவு மீறியது என்றார்கள். விருந்தில் விஷம் வைத்துவிட்டார்கள், ஆங்கிலேயரின் கைவரிசை என்ற பேச்சும் எழுந்து இன்றுவரை ஓயவில்லை. ஊர் முழுவதும் தலைவரை வரவேற்கும் ஏற்பாட்டில் மூழ்கியிருந்தது. யாருடைய தெருக்களில் பாடினாரோ அந்த மக்கள் கூடாமலேயே, சில உறவினர்களும் நண்பர்களுமாக ஜனாஸாவை எடுத்துச் சென்று அலெக்சாந்திரியாவில் அடக்கம் செய்தார்கள். பலருக்குச் செய்தியே பிறகுதான் தெரிந்தது.

கிளியோபாட்ரா, மார்க் ஆண்டனி கதையை முனீரா அல் மஹ்திய்யாவுக்காக இசை நாடகமாக்கத் தொடங்கியிருந்தார். முதல் அங்கத்தோடு நின்றுவிட்டது. முஹம்மது அப்துல் வஹ்ஹாப் என்ற இளைஞர் 1927இல் அதை முடித்து, தாமே மேடையில் ஆண்டனியாகவும் நின்றார். செய்யிதைத் தம் வழிகாட்டியாகக் கருதிய இந்த அப்துல் வஹ்ஹாப்தான், அரை நூற்றாண்டு கழித்து, 'பிலாதீ'யை இராணுவ வாத்தியக் குழுவுக்கு ஏற்ப அமைத்துத் தேசிய கீதமாக ஒலிக்கச் செய்தவர். அலெக்சாந்திரியாவில் 1921இல் முஹம்மது அலீ பெயரில் திறந்த பெரிய நாடக அரங்கத்துக்கு 1962இல் செய்யிது தர்வேஷின் பெயர் சூட்டப்பட்டது. 1966இல் அஹ்மத் பத்ரகான் அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுத்தார்.

அவருடைய பாடல்களில் இன்றும் அதிகமாகப் பாடப்படுவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்து என்னைப் பார்த்துப் போ என்று பிரிந்தவரிடம் கெஞ்சும் ஒரு மெல்லிய பாட்டு. ஃபைரூஸும் பாடியிருக்கிறார். ஈராக் மக்கள் இந்தப் பாட்டை விட்டுக்கொடுப்பதில்லை. இது எங்கள் முல்லா உத்மான் அல் மவ்ஸிலியின் மெட்டு, நபிகளார் (ஸல்) அவர்களின் ரவ்ளாவை வாழ்வில் ஒரு முறையேனும் ஸியாரத் செய் என்று அவர் பாடிய புகழ்ப்பா, மாணவர் சொல்லை மாற்றிக்கொண்டார் என்பது அவர்கள் வாதம். எகிப்தியர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பார்வையற்ற அந்த உஸ்தாதும் பக்தாதில் அதே 1923ஆம் ஆண்டு, மாணவருக்குச் சில மாதங்கள் முன்னதாக, மறைந்தார். மவ்ஸிலில் அந்த மெட்டில் ஸியாரத் பாட்டு பாடுகிறார்கள், அலெக்சாந்திரியாவில் காதல் பாட்டு பாடுகிறார்கள்.